ஒரே இலையோடு ஒரு செடி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. டோங்காட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே சாட்ஸ்வொர்த்தில் மழை விடவே இல்லை. சின்னவளுக்கு டர்பனில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, ஒரு பூவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் தென்னாப்பிரிக்காவில், ம்டுன்சினி ஊர்ப் பக்கத்தில் ஒங்கோயே காடு இருக்கிறதே, அங்கே நிழலில் வளரும் செடி. ஸ்ட்ரெப்டோகார்பஸ் வெண்ட்லாண்டி என்று பெயர். செடி முழுவதற்கும் ஒரே ஓர் இலைதான்! இரண்டடிக்கு மேல்கூட நீண்டு தரையோடு படிந்து கிடக்கும். அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. தண்டு என்று தனியாக இல்லை. இலை தொடங்கும் இடத்திலிருந்தே காம்புகள் எழும்பி, ஊதா நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக நிற்கும்.

அந்த இலை எது தெரியுமா? விதையிலிருந்து முதலில் வரும் இரண்டு வித்திலைகளில் ஒன்று. அவரையில் அவை கொஞ்ச நாளில் வாடி உதிர்ந்துவிடும். இதிலோ ஒன்று அப்படியே நின்றுவிட, மற்றொன்று வளர்ந்துகொண்டே போகிறது. வளர்ச்சி நுனியில் இல்லை, அடியில். அதனால் நுனிதான் மூத்த பாகம், காம்புப் பக்கம் இளசு. பூத்து, கயிறு போல முறுக்கிய காய்களில் தூசி மாதிரி விதையை நிரப்பிவிட்டுச் செத்துப்போகும். வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு. இதை அறிந்த பிறகு அந்த இலையை மிதிக்க யாருக்கு மனம் வரும்?

தயவுசெய்து யாரும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. 1895-இல் தாவரவியலாளர் மெட்லி வுட் அதே காட்டில்தான் பார்வைக்குப் பனை போல இருக்கும் ஒரு சைகஸ் வகை மரத்தைக் கண்டார். ஆண் மரம், அது ஒன்றுதான். பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை. அதிலிருந்து எடுத்த கன்றுகள் டர்பன் தாவரவியல் தோட்டத்தில் நிற்கின்றன, காட்டில் இப்போது ஒன்றுகூட இல்லை. இந்தச் செடிக்கும் அந்தக் கதி வரவே கூடாது.

அப்புறம், உன் ஜன்னலோரத்து ஆப்பிரிக்க வயலட் இதற்குச் சொந்தம். பூர்வீகம் தான்சானியா, கென்யா பக்கம். 2015-இல் அதையும் இதே ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டத்தில், சேர்த்துவிட்டார்கள். அதன் இலையைக் காம்போடு மண்ணில் ஊன்றினாலே கன்று வருமே, எனக்கும் ஒன்று வேர்பிடிக்க வை. காவடிக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. வெள்ளைப் பூ வகை இருந்தால் அதுவே வேண்டும்.

அன்புடன்,
கமலா