ஓசியில கெடைக்கறத 4,200 ரூவா குடுத்து வாங்கின கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு ஐயா எழுதியிருந்த லெட்டர் படிச்சேன். பேரன சேக்க யுனிவர்சிட்டிக்கு போனவரு அப்படியே லைப்ரரிய எட்டி பாத்தாராம், அவ்ளோ பெரிய கட்டடம், அவ்ளோ ஏசி, ரீடிங் ஹால்ல எண்ணி ஒம்போது பேரு, அதுல ரெண்டு பேரு தூங்கறாங்க, பசங்க எல்லாம் செல்போன்லயே கெடக்குதுங்க, எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி லைப்ரரின்னு கேட்டிருந்தாரு. தூங்கற விஷயம் சரிதான், மே மாச வெயில்ல நானே தூங்கியிருக்கேன். மத்ததுக்கு ஒரு பதில் சொல்லணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போகும், எடம் பத்தலன்னா வெட்டிக்கோங்க.

நான் கடலூர் முதுநகர். ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சர், வயசு 46, மூணு வருஷமா பார்ட் டைம்ல பிஎச்டி பண்ணிட்டிருக்கேன். எந்த யுனிவர்சிட்டின்னு எழுதல, ஏன்னா வேற வேற எடத்துல பதிவு பண்ணியிருக்கற என் சிநேகிதிங்களும் இதே கதையத்தான் சொல்றாங்க. என்னோட தலைப்பு நம்ம தேவனாம்பட்டினம் கோட்டைய சுத்தி இருந்த நெசவாளருங்க. 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட இருந்து அந்த கோட்டைய வாங்கினப்போ பீரங்கி குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அது வரைக்கும் உள்ள ஊருங்களையும் சேத்து வாங்கிக்கிட்டான், அதான் குண்டு கிராமம்னு பேரு வந்துச்சு. இத க்ளாஸ்ல சொன்னா கடைசி பெஞ்சு கூட நிமிந்து உக்காரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2025 ஜூன்ல எங்க கைடு ஒரு லிஸ்ட் குடுத்தாரு, இதெல்லாம் படிச்சிட்டு வாங்கன்னு, 21 கட்டுரை, எல்லாமே வெளிநாட்டு கம்பெனி ஜர்னல்ல வந்தது. வீட்ல உக்காந்து கூகுள்ல தட்டினா மொத பக்கம் மட்டும் காட்டுது, மீதிக்கு நாப்பது டாலர் கிட்ட கட்டுன்னு கேக்குது. ஒரு கட்டுரைக்கு மூவாயிரத்துக்கு மேல, 21 கட்டுரைக்கு எங்க வீட்டுக்காரரோட ஸ்கூட்டியே வித்தாகணும். அப்பதான் கூட வேலை செய்யற ஒரு சார் சொன்னாரு, ஒரு ப்ரவுசிங் சென்டர்ல கேட்டா எறக்கி தருவாங்க, ஒண்ணுக்கு 200 ரூவான்னு. போனேன். எங்கேருந்து எறக்கறீங்கன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. 4,200 ரூவா குடுத்து பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்து, பெரிய காரியம் சாதிச்ச மாதிரி அன்னைக்கு நைட்டு பிரியாணி வேற.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஃபாரத்துல லைப்ரரி சீல் வாங்க வேண்டியிருந்துச்சு. கௌன்டர்ல இருந்த மேடம் சும்மா பேச்சு குடுத்தாங்க, என்ன தலைப்பு, எங்க படிக்கறீங்கன்னு. நான் பெருமையா பென் டிரைவ் கதைய சொன்னேன். அவங்க ஒரு நிமிஷம் என்ன பாத்துட்டு, கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி, அந்த 21ல நாலஞ்ச பேரு சொல்ல சொல்லி அங்கேயே ஒவ்வொண்ணா தெறந்து காட்டினாங்க. காசு கேக்கல, பாஸ்வேர்ட் கேக்கல, கேம்பஸ் நெட்வொர்க்ல இருந்தா அப்படியே தெறக்குது. வீட்லேருந்து பாக்கணும்னா ஒரு ஃபாரம் குடுங்க, ஐடி போட்டு தரேன்னாங்க. அன்னைக்கு பஸ்ல வர்ற வழியெல்லாம் எனக்கு அந்த 4,200 ரூவா தான் கண்ணு முன்னாடி.

அது என்னன்னா 'ஒரே நாடு ஒரே சந்தா'ன்னு மத்திய அரசு ஒரு திட்டம் 2024 நவம்பர்ல அறிவிச்சாங்க, 2025 ஜனவரிலேருந்து நடக்குது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், நாடு முழுக்க 6,300 அரசு கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துல உள்ளவங்க ஓசியில படிக்கலாம். முன்னெல்லாம் ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் தன் கையில இருக்கற காசுக்கு ஏத்த மாதிரி தனித்தனியா வாங்கிட்டிருந்துச்சு, இப்ப அரசாங்கமே மொத்தமா பேரம் பேசி வாங்கியிருக்கு. பிரைவேட் செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ் பசங்களுக்கு இன்னும் இது இல்ல, அது ஒரு பெரிய குறை, தனி லெட்டரே எழுதலாம். ஓசின்னு நான் சொல்றேனே தவிர அது நம்ம வரிப்பணம் தான், அப்ப நான் ஒரே சரக்குக்கு ரெண்டு தடவ காசு குடுத்திருக்கேன்.

அதனால அந்த ஐயாவுக்கு சொல்றது, ஹால்ல ஒம்போது பேரு இருக்கறத வெச்சு லைப்ரரிய யாரும் பயன்படுத்தலன்னு சொல்ல முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு நெல்லிக்குப்பத்துல ஒரு பொண்ணு செல்போன்ல ஒரு கட்டுரை படிச்சா அதுவும் லைப்ரரி தான், ஐயா கண்ணுக்கு அது தெரியாது, அவ்ளோதான். ஆனா ஐயா பாதி சரி. ஏன்னா என்ன மாதிரி ஆளுங்க வாங்கி வெச்ச சோத்த விட்டுட்டு வெளிய காசு குடுத்து சாப்புடறோம். பிஎச்டி சேந்த அன்னைக்கு ஃபீஸ் எவ்ளோ, கோர்ஸ் வொர்க் எப்போன்னு எல்லாம் சொன்னாங்க, லைப்ரரி ஐடி பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஏதோ நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்களாம், வாரத்துக்கு ஒரு தடவ சனிக்கிழமை ஓடி வந்து ஓடி போற பார்ட் டைம்காரி அந்த போர்ட எப்ப பாக்கறது? எங்க செட்ல பாதி பேரு லைப்ரரியனோட மொகத்த மொதல்ல பாக்கறதே தீசிஸ் முடிச்சிட்டு காப்பியடிக்கலன்னு சொல்ற பிளேஜரிசம் சர்டிஃபிகேட் வாங்கப் போறப்பதான். 2018 யுஜிசி ரூல்படி தீசிஸ் மத்தவங்க எழுதினதோட 10% வரைக்கும் ஒத்துப்போனா பிரச்சினை இல்ல, அதுக்கு மேல 40% வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்தி குடுக்கணும், 60% தாண்டினா ரெஜிஸ்ட்ரேஷனே காலி. சரியா சோர்ஸ் குறிப்பிட்டு எடுத்தாண்டதும் பிப்ளியோகிராஃபியும் இந்த கணக்குல வராதுங்கறதே பல பேருக்கு தெரியாம பயந்து சாகறாங்க. இதெல்லாம் மொத வருஷமே உக்கார வெச்சு சொல்லிக் குடுக்க வேண்டிய சமாச்சாரம்.

தேடறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அது கௌன்டர்ல உக்காந்திருக்கற ஆளுக்குதான் தெரியும். கேட்டலாக் கம்ப்யூட்டர்ல தமிழ்ல 'கடலூர்'னு அடிச்சா ஒண்ணுமே வரல. பல லைப்ரரில தமிழ் புக்கு தலைப்பையும் இங்கிலீஷ் எழுத்துலதான் ஏத்தி வெச்சிருக்காங்க. அதுல கடலூர் ஒரு எடத்துல சி எழுத்துல இருக்கு, வெள்ளக்காரன் எழுதின மாதிரி, இன்னொரு எடத்துல கே எழுத்துல இருக்கு, நாம சொல்ற மாதிரி. ரெண்டையும் அடிச்சாதான் எல்லாம் வரும். அந்த மேடம் இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாங்க, நம்பர புடிச்சிட்டு நேரா ரேக்குக்கு போயிடுங்கன்னு. புக்க பொருள் வாரியா பிரிச்சு அடுக்கற ட்யூயி நம்பர்ல 954.82ன்னா தமிழ்நாட்டு வரலாறு, 954.86ன்னா புதுச்சேரி. ரோட்ல கன்னியக்கோயில் வந்தா வேற ஸ்டேட், ரேக்குல நாலு புக்கு தள்ளினா வேற ஸ்டேட். அப்படி நின்னு பாத்ததுல லிஸ்ட்லயே இல்லாத மூணு புக்கு எனக்கு கெடச்சுது.

ஷோத்கங்காவும் அப்படித்தான். நாடு முழுக்க உள்ள பிஎச்டி தீசிஸ் லட்சக்கணக்குல அதுல ஓசியில இருக்கு, யார் வேணா வீட்லேருந்தே பாக்கலாம், ஐடி கூட வேணாம். ஆனா தமிழ் தீசிஸ் பல பேரு எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ் ஒரே மாதிரி வர்ற யூனிகோட் முறை வர்றதுக்கு முன்னாடி வானவில், பாமினின்னு பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணது, கண்ணுக்கு தமிழா தெரியுது, தேடினா ஒரு எழுத்தும் மாட்டாது. நெசவுன்னு தேடி இல்லன்னு விட்டுட்டு போயிட்டேன், அப்புறம் டிபார்ட்மென்ட் வாரியா போயி பொருளடக்கத்த ஒவ்வொண்ணா தெறந்து பாத்தா ரெண்டு தீசிஸ் இருக்கு, ரெண்டும் முத்து.

நான் ஆராய்ச்சி பண்ற காலத்துக்கு, புதுச்சேரில பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோட டைரி ரொம்ப முக்கியம், 1736லேருந்து 1761 வரைக்கும், தேவனாம்பட்டினம் கோட்டைய புடிக்க பிரெஞ்சுக்காரன் பண்ண முயற்சியெல்லாம் அதுல வருது. அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 12 வால்யூம், சென்னை அரசாங்கம் போட்டது, காப்பிரைட் எப்பவோ முடிஞ்சு போச்சு, மொத்தமும் ஆன்லைன்ல கெடக்குது. நான் அதுல ஒரு வால்யூம ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்கேன், அதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு வீட்ல இன்னும் சொல்லல.

புதுச்சேரி பக்கத்துல இருக்கறதால நமக்கு இன்னொரு அதிர்ஷ்டம். பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955லேருந்து இருக்கு, அங்கயும் அவங்களோட இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்துலயும் உள்ள சைவ ஓலைச்சுவடிங்கள 2005ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல சேத்துச்சு. ரோமன் ரோலண்ட் லைப்ரரி 1827ல ஆரம்பிச்சது. பீச்சுக்கு போயி ஐஸ்க்ரீம் சாப்ட்டுட்டு வர்ற நம்ம ஜனத்துக்கு ரெண்டு தெரு தள்ளி என்ன இருக்குன்னு தெரியல, எனக்கும் 43 வயசு வரைக்கும் தெரியாது.

சீர்காழில பொறந்தவரு எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924ல சென்னை யுனிவர்சிட்டில லைப்ரரியன் ஆனாரு. 1931ல அவரு எழுதின அஞ்சு விதில நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கறது. உலகம் பூரா லைப்ரரி சயின்ஸ் க்ளாஸ்ல அத சொல்லிக் குடுக்கறாங்க. நம்ம பக்கத்து ஊர்க்காரரு சொன்னத நம்ம பக்கத்துலயே செய்யலாம்ல?

நான் கேக்கறது புது கட்டடம் இல்ல, புது ஏசி இல்ல. பிஎச்டி சேர்ற அன்னைக்கே வீட்லேருந்து பாக்கற ஐடிய கைல குடுத்து, அரை நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு அவங்கவங்க தலைப்பையே தேட சொல்லுங்க, பவர் பாயின்ட் போட்டு காட்டறது வேணாம், அதுல யாருக்கும் ஒண்ணும் நிக்காது. அந்த மேடம் மாதிரி ஒரு ஆள சீல் குத்தற வேலைலேருந்து விடுவிச்சு, 'என்ன தேடறீங்க'ன்னு கேக்கறதுக்குன்னே ஒரு சேர்ல உக்கார வைங்க. வேலைக்கு போறவங்களுக்காக ஞாயித்துக்கிழமையும் அந்த சேர்ல ஆளு இருக்கணும், ஹால தெறந்து வெச்சுட்டு வாட்ச்மேன மட்டும் போட்டா பத்தாது. வெளியாளுங்களுக்கும், அந்த ஐயா மாதிரி ரிட்டயர் ஆனவங்களுக்கும், ஒரு கடுதாசி குடுத்தா உள்ள உக்காந்து படிக்க விடுங்க. உங்க பேப்பரும் அட்மிஷன் சீசன்ல காலேஜ் விளம்பரம் பக்கம் பக்கமா போடறீங்களே, ஒரு ஓரத்துல ஒரு பெட்டிச்செய்தியா ஷோத்கங்கா பத்தியும் இந்த சந்தா பத்தியும் போடுங்க சார், புண்ணியமா போகும்.

ப்ரவுசிங் சென்டர் அண்ணன் மேல எனக்கு கோவம் இல்ல. போன வாரம் கூட அந்த வழியா போனேன், வாசல்ல ஒரு பொண்ணு கைல லிஸ்ட வெச்சுக்கிட்டு நின்னுச்சு. வண்டிய நிறுத்தி எந்த காலேஜும்மான்னு கேட்டேன். கவர்மென்ட் காலேஜ்னுச்சு. அத அங்கேருந்து இழுத்துட்டு போயி டீக்கடைல உக்கார வெச்சு ஃபாரம் எங்க குடுக்கணும்னு எழுதி குடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.