ஆண்டறிக்கை 2024–25: ஓடும் ஃபிலிமில் ஸ்ட்ரோப் சோதனை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அச்சக உரிமையாளர்களே, மிஷின் ஆபரேட்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள், சந்தா நிலுவை, புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவை உங்கள் கையில் உள்ள அச்சிட்ட தாளில் இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்பப் படித்து நேரத்தை வீணாக்கவில்லை. இந்த ஆண்டின் பயிற்சி வகுப்புகள் எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை. பிளாஸ்டிக் ஃபிலிம் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சீரான இடைவெளியில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கால் அச்சைப் பார்ப்பது எப்படி என்பதே அது. எனவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

முந்திரிப் பருப்பு, நேந்திரம் சிப்ஸ், மார்த்தாண்டம் தேன், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கான பௌச்சும் லேபிளும்தான் நம்மில் பலருக்கு அன்றாட வேலை. நிமிடத்துக்கு 120 மீட்டர் ஓடும் மிஷினில் ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தம்) விலகியதைப் பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் 1,200 மீட்டர் போய்விடும். 400 மி.மீ. ரிப்பீட் (டிசைன் ஒரு முறை வரும் நீளம்), குறுக்கே நான்கு பௌச் என்றால் அது 12,000 பௌச். ரீல் மாற்றும்போது வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்ற பழக்கத்தின் விலை இதுதான்.

கணக்கு எளிது. மீட்டர் வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, ரிப்பீட் நீளத்தால் வகுக்க வேண்டும். 120 மீட்டர் வேகம், 400 மி.மீ. ரிப்பீட் என்றால் நிமிடத்துக்கு 300 ஃபிளாஷ். அந்த எண்ணில் வைத்தால் படம் நிற்கும். 299 வைத்தால் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் ஃபிலிம் ஒரு ரிப்பீட்டைவிடச் சுமார் 1.3 மி.மீ. கூடுதலாக நகர்ந்திருக்கும். எனவே படம் ஓட்டத் திசையில் மெல்ல ஊர்ந்து, ஒரு நிமிடத்தில் முழு ரிப்பீட்டும் கண் முன்னால் கடந்துபோகும். 301 வைத்தால் பின்னோக்கி ஊரும். வெட்டும் இடத்தைக் காட்டும் ஐ மார்க் முதல் எடை, விலை அச்சிடும் வெற்றிடம் வரை முழு டிசைனையும் ஒரு சுற்று பார்க்க இந்த ஊர்வது நல்ல வழி.

வகுப்புகளில் அதிகம் குழப்பியது பாதி எண்ணில் மாட்டிக்கொள்வது. 300 சரியான எண் என்றால் 150இலும் படம் அசையாமல் நிற்கும், 100இலும் நிற்கும். 150இல் ஒன்றுவிட்டு ஒரு ரிப்பீட்தான் கண்ணில் படுகிறது, மீதிப் பாதி இருட்டில் ஓடிப்போகிறது. ஆகவே கீழிருந்து மேலே ஏற்றக் கூடாது. உயர்ந்த எண்ணில் தொடங்கி இறக்கிக்கொண்டே வர வேண்டும். 600இல் எழுத்துகள் இரட்டையாக, அரை ரிப்பீட் தள்ளி ஒன்றன்மேல் ஒன்று தெரியும். இறக்கும்போது முதன்முதலில் ஒற்றைப் படமாக நிற்பதுதான் சரியான எண். சந்தேகம் இருந்தால் அதை இரட்டித்துப் பாருங்கள். இரட்டைப் படம் வந்தால் பாதி எண்ணில் இல்லை. அப்போதும் ஒற்றையாகவே நின்றால் பாதி எண்ணில் இருந்திருக்கிறீர்கள்.

சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு டிசைன் இருக்கும்போது கதை வேறு. 480 மி.மீ. சுற்றளவில் 240 மி.மீ. டிசைன் இரண்டு, மிஷின் வேகம் 96 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 400 ஃபிளாஷில் முதல் டிசைனும் இரண்டாம் டிசைனும் மாறி மாறி ஒரே இடத்தில் விழும். இரண்டாவதில் மட்டும் செல் (சிலிண்டரில் இங்க் நிற்கும் நுண்குழி) அடைத்து, "முந்திரி" என்ற சொல்லில் "ந்" வெளுத்திருந்தால், கண்ணுக்கு அது முழு வெளுப்பாகத் தெரியாது. பாதி நிறத்தில் துடிப்பதுபோல் தெரியும். உடனே இங்க் தண்ணியாக இருக்கிறது என்று நினைத்து இங்க்கின் கெட்டித்தன்மையை அளக்கும் பி4 கப்பை எடுப்பார்கள். கெட்டியான இங்க் சேர்த்தால் மற்ற எல்லா எழுத்தும் கறுத்துப்போகும், அடைத்த செல் அடைத்தபடியே இருக்கும். துடிப்பைக் கண்டதும் எண்ணைப் பாதியாக்கி 200இல், அதாவது சிலிண்டர் சுழலும் எண்ணிலேயே வைக்க வேண்டும். அப்போது ஒரு டிசைன் மட்டும் நிற்கும். ஃபிளாஷ் அடிக்கும் கட்டத்தை (ஃபேஸ்) 180 டிகிரி, அதாவது அரைச் சுற்று, தள்ளினால் மற்றது நிற்கும். எதில் கோளாறு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாதி எண் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. அறியாமல் பாதியில் நிற்பதுதான் ஆபத்து.

கையால் குமிழைத் திருப்பி எண் பிடிப்பது நமது மிஷின்களுக்கு நீடித்துப் பயன் தராது என்பது என் கருத்து. ரீல் பருக்கும்போதும், ஒட்டு கடக்க வேகம் குறைக்கும்போதும், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் படம் ஓடத் தொடங்கிவிடும். ஆபரேட்டர் அச்சைப் பார்ப்பதை விட்டுக் குமிழைத் துரத்துவார். சில நாளில் விளக்கு அலமாரிக்குப் போய்விடும். விலை உயர்ந்த விளக்கைவிட, சிலிண்டரிலிருந்து வரும் ட்ரிகர், அதாவது சுற்றுக்கு ஒரு முறை ஃபிளாஷ் அடிக்கச் சொல்லும் சிக்னல், முக்கியம்.

அதற்குத் தேவையானவை குறைவு: எம்12 அளவு இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (இரும்பு நெருங்குவதைத் தொடாமல் உணர்வது) ஒன்று, 24 வோல்ட் சப்ளை, அச்சு சிலிண்டர் ஷாஃப்ட்டில் ஓர் இரும்பு போல்ட் தலை, ஷீல்டு கேபிள். சமமட்டமாகப் பொருத்தும் எம்12 சென்சாரின் உணர்தூரம் பொதுவாக 2 மி.மீ. ஆகவே இடைவெளியை 1.5 மி.மீ. அளவில் வையுங்கள். அதைவிட நெருங்கினால் பேரிங் ஆட்டத்தில் தலை உரசும், விலகினால் பல்ஸ் விட்டுப்போகும். சென்சார் முன்னால் சுற்றுக்கு ஒரே ஓர் இரும்புதான் கடக்க வேண்டும். கப்ளிங்கின் கீ அல்லது இன்னொரு போல்ட் தலை எதிர்ப்பட்டால் சுற்றுக்கு இரண்டு ஃபிளாஷ் அடித்து இரட்டைப் படம் வரும். ட்ரிகரை, அச்சிட்ட ஃபிலிமைச் சுற்றும் ரீவைண்டரின் ஷாஃப்ட்டிலிருந்து எடுக்கவே கூடாது. ரீல் பருக்கப் பருக்க அதன் சுழற்சி குறையும், படம் ஒருபோதும் நிற்காது.

படம் சில நேரம் திடீரென்று குதித்தால் விளக்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் போகும் வழியைப் பாருங்கள். மோட்டார் டிரைவின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் கட்டியிருந்தால் அதன் இரைச்சல் சென்சார் லைனில் ஏறிப் பொய்ப் பல்ஸ் கொடுக்கும். தனியே இழுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடத்துங்கள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அடுத்து, எழுத்து ஓரம் மங்கலாகத் தெரிகிறது என்ற புகார். நிமிடத்துக்கு 120 மீட்டர் என்பது விநாடிக்கு 2 மீட்டர், அதாவது ஒரு மைக்ரோவிநாடிக்கு இரண்டு மைக்ரான். 20 மைக்ரோவிநாடி ஃபிளாஷில் படம் 0.04 மி.மீ. இழுபடும், அது கண்ணுக்குத் தெரியாது. 100 மைக்ரோவிநாடி என்றால் 0.2 மி.மீ. சென்டிமீட்டருக்கு 60 கோடு ஸ்கிரீனில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளியே 0.167 மி.மீ.தான் என்பதால் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். சில எல்இடி ஸ்ட்ரோப்களில் ஃபிளாஷ் நீளத்தைச் சதவீதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 300 ஃபிளாஷில் ஒரு சுற்று 200 மில்லிவிநாடி. அதில் ஒரு சதவீதம் 2 மில்லிவிநாடி. அதற்குள் ஃபிலிம் 4 மி.மீ. ஓடிவிடும்! வாங்கும்போது மைக்ரோவிநாடியில் வைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். ஃபிளாஷைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். அப்போது விளக்கை நெருக்குங்கள், மேலே எரியும் டியூப் லைட்டை மறையுங்கள். சுற்று வெளிச்சம் விழுந்தால் நின்ற படத்தின் மேல் ஓடும் படம் படிந்து நிறம் கழுவியதுபோல் தெரியும்.

செனான் விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிளாஷ் இடையிடையே தவறினால் டியூப் ஓரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் நிற்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, துணியால் பிடித்து டியூபை மாற்றுங்கள்.

விளக்கைக் கடைசி நிறத்தின் டிரையரும் ஃபிலிமைக் குளிர்விக்கும் சில் ரோலரும் தாண்டி, ரீவைண்டருக்கு முன் வைக்க வேண்டும். ஃபிலிம் ஐட்லர் ரோலரில் படிந்து செல்லும் இடமே நல்லது. தொங்கலில் காட்டினால் ஃபிலிம் படபடப்பதால் ஓரம் நடுங்கும், ரெஜிஸ்டர் ஆடுகிறது என்று தோன்றும். கண்ணாடிபோன்ற பிஓபிபி, பிஇடி ஃபிலிமுக்குப் பின்னால் வெள்ளைத் தகடு வேண்டும். வெள்ளை இங்க் விழாத இடத்தை மட்டும் தேடும்போது கறுப்புத் தகடு மாற்றுங்கள், ஊசித்துளை அளவு ஓட்டைகூடக் கரும்புள்ளியாகத் தெரியும். மெட்டலைஸ்டு ஃபிலிமில் நேராக அடித்தால் கண் கூசும். விளக்கைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, பார்ப்பவர் நேராக நின்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் செயற்குழு கண்டிப்பான தீர்மானம் எடுத்தது. ரோட்டோ மிஷினில் (நுண்குழி செதுக்கிய சிலிண்டரால் அச்சிடுவது) நாம் ஊற்றும் எத்தில் அசிட்டேட்டின் தீப்பற்றுநிலை மைனஸ் 4 டிகிரி, டொலுவீன் 4 டிகிரி செல்சியஸ். மே மாத நாகர்கோவில் வெயிலில் இங்க் டிரே மேலே எப்போதும் ஆவி நிற்கிறது. சிலிண்டரில் மிகையான இங்க்கை வழிக்கும் டாக்டர் பிளேடைப் பார்க்கிறேன் என்று சாதாரணக் கைஸ்ட்ரோப்பை டிரேக்கு மேலே நீட்டுவது தீ வைப்பதற்குச் சமம். பேட்டரியில் ஓடுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பகுதிக்கு ஃபிளேம்ப்ரூஃப் சான்று பெற்ற கருவி மட்டும்தான் போகலாம். டாக்டர் பிளேடு அச்சில் விடும் கோட்டைப் பார்க்க ஸ்ட்ரோப் தேவையும் இல்லை. ஓட்டத் திசையில் நீளும் கோடு என்பதால் சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும்.

இரண்டாவது, ஸ்ட்ரோப்பில் ரோலரும் கியரும் நின்றதுபோல் தெரியும். நின்றிருக்கிறது என்று எண்ணித் துணியோடு கை நீட்டினால் இரு ரோலர் சேரும் நிப்பில் விரல் போகும். விளக்கு விழும் பகுதியில் கார்டு (பாதுகாப்புத் தடுப்பு) இல்லாத மிஷினுக்குச் சங்கத்தின் கருவி இரவல் தரப்படாது. மூன்றாவது, விநாடிக்கு 3 முதல் 30 வரை துடிக்கும் வெளிச்சம் வலிப்பு உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். நிமிடக் கணக்கில் அது 180 முதல் 1,800. நம் வேலை முழுவதும் இந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. மிஷின் பக்கத்தில் பலகை வையுங்கள், புதிதாகச் சேரும் தம்பிகளிடம் வலிப்பு, ஒற்றைத் தலைவலி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். தலை சுற்றினால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பி விலக வேண்டும். நாள் முழுவதும் எரியவிடாமல், பார்க்கும்போது மட்டும் போடும் கால் சுவிட்ச் வைப்பது எல்லோருக்கும் நல்லது.

ஸ்ட்ரோப்பால் ஆகாதவையும் உண்டு. ஷேட் ஒப்பிட அது உதவாது. வெட்டிய துண்டை ஐஎஸ்ஓ 3664 சொல்லும் டி50 என்ற நிலையான வெளிச்சத்தில், வெள்ளைப் பின்புலத்தில் வைத்துத்தான் அப்ரூவல் பிரதியோடு ஒப்பிட வேண்டும். பார்கோடுக்கு வெரிஃபையர் வேண்டும். ஒரே ஒரு முறை தெறித்த இங்க் சொட்டு, ஒட்டிய பூச்சி போன்றவை ஒரு ஃபிளாஷில் வந்து போய்விடும், கண் பிடிக்காது. அதற்கு முழுச் சோதனைக் கேமராதான். ரெஜிஸ்டரிலும் ஓர் எல்லை உண்டு: 30 செ.மீ. தூரத்தில் நல்ல கண் பிரித்தறிவது ஏறக்குறைய 0.1 மி.மீ. ரோட்டோவில் நாம் காக்க வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஸ்ட்ரோப்பில் சரியாகத் தெரிந்ததை ரீல் மாற்றும்போது லென்ஸ் வைத்து உறுதி செய்வதை விடக் கூடாது. உணவுப் பொட்டலத்தின் சைவக் குறியை முதலில் பாருங்கள். சயானும் மஞ்சளும் சேர்ந்து வரும் பச்சைப் புள்ளியில் ஒரு பக்கம் நீலப் பிறை, எதிர்ப்பக்கம் மஞ்சள் பிறை தெரிந்தால் ரெஜிஸ்டர் விலகிவிட்டது.

அட்டைப்பெட்டி ஆஃப்செட் உறுப்பினர்கள் தங்களுக்கு இதில் என்ன பயன் என்று கேட்டார்கள். தாள் தாளாக ஓடும் மிஷினில் அச்சைப் பார்க்க டெலிவரியில் தாள் எடுப்பதே போதும். ஆனால் தாளைப் பிடிக்கும் கிரிப்பர் எந்த நொடியில் திறந்து மூடுகிறது, தாளை உறிஞ்சி எடுக்கும் ஃபீடர் சக்கர் எங்கே அதை விடுகிறது என்பவற்றைக் கார்டுக்கு வெளியே நின்று பார்க்க ஸ்ட்ரோப் உதவும்.

சங்கம் இந்த ஆண்டு வாங்கிய எல்இடி கைஸ்ட்ரோப் ஒன்றும், சென்சார், கேபிள், வெள்ளை கறுப்புத் தகடுகள் அடங்கிய பெட்டி ஒன்றும் உறுப்பினர்களுக்கு இரவலாகக் கிடைக்கும். ஒருவருக்கு மூன்று நாள். ஜூன் முதலும், மீண்டும் அக்டோபர் முதலும் மழைக்காலமாகையால் பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்துவிடாதீர்கள். குளச்சல் பக்கம் கொண்டுபோகிறவர்கள் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்காமல் மூடி போட்டு வையுங்கள். திருப்பித் தரும்போது, எந்த மிஷின், ரிப்பீட் நீளம், வேகம், வைத்த ஃபிளாஷ் எண், கண்ட கோளாறு ஆகியவற்றைப் பெட்டியில் உள்ள நோட்டில் எழுதித் தர வேண்டும். எழுதாதவர் அடுத்த முறை வரிசையின் கடைசிக்குப் போவார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள்: ட்ரிகர் சென்சார் பொருத்தும் செய்முறை வகுப்பை உறுப்பினர் மிஷின்களிலேயே நடத்துவது, ஈரம் படிந்து வெளிறும் மழைக்கால நைட்ரோசெல்லுலோஸ் இங்க் பிரச்சினைக்கு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் அளவு பற்றித் தனி வகுப்பு வைப்பது. இவற்றோடு இந்த அறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்