கடல்புல்லைப் பிடுங்காமலே அளக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து மண்டபம் கரைக்கு மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் செல்லும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். குடுவையில் மாதிரி சேகரிப்பதை விட்டுவிட்டு, ஆழமில்லாக் கடலடியில் வேரூன்றி வளரும் கடல்புல்லைக் கணக்கெடுக்கத் தொடங்குங்கள். கடல் அட்டை, கடல்குதிரை, பவளம் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, எடுப்பதே குற்றம். கடல்புல்லோ கடற்பசுவின் உணவு. அதை வேரோடு பிடுங்கிப் பதப்படுத்துவதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

கருவி எளிது. அரை அங்குல பிவிசி குழாயில் 50 செ.மீ. சதுரச் சட்டம் செய்து, 10 செ.மீ.க்கு ஒரு நூலாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் 25 கட்டங்கள். ஒன்று 4 சதவீதம். குழாயில் துளை போட மறந்தால் காற்று நின்று சட்டம் மிதக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி 50 மீட்டர் நாடாவை மூன்று இடங்களில், 25 மீட்டர் இடைவெளியில் விரியுங்கள். 5 மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தை வைத்தால் ஒரு கோட்டுக்கு 11, மொத்தம் 33 பதிவுகள். ஒவ்வொன்றிலும் புல்லின் பரப்பு, இனம், இலை உயரம், பாசியின் அளவு.

பெரும்பாலும் பிழை நேர்வது சட்டம் வைக்கும்போதுதான். மணல் மட்டும் தெரிந்தால், புல் இருக்கும் பக்கமாகக் கை தானாக நகர்கிறது. நாடா சொல்லும் இடத்திலேயே வையுங்கள், சுழியமும் தரவுதான். பக்கவாட்டில் பார்த்தால் புல் அடர்த்தியாகத் தோன்றும் என்பதால் நேர் மேலிருந்து பாருங்கள். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒப்பிடுவது நல்லது. புல்லின் இனத்தை இலையைப் பார்த்து அறியலாம். ஊசிபோல் உருண்ட இலை சிரிங்கோடியம். தட்டையாக, நுனியில் பல் உள்ளது சைமோடோசியா செருலாட்டா. காம்புடன் சிறு நீள்வட்ட இலை ஹாலோஃபிலா.

காலமும் முக்கியம். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும். ஆகவே மண்டபத்தின் இரு கரைகளையும் ஒரே மாதத்தில் அளந்து ஒப்பிடுவது சரியாக வராது. ஒரே கரை, ஒரே மாதம், ஜிபிஎஸ் குறித்த அதே இடம் என்று ஆண்டுதோறும் போனால்தான் புல் குறைகிறதா என்று சொல்ல முடியும். புறப்படும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு அனுமதியின்றிப் போகக் கூடாது.

மாணவர்கள் மூன்றாண்டில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். பதிவுத் தாள்களை அவர்களிடம் கொடுத்தனுப்பாமல் துறையிலேயே வைத்து, அடுத்த அணியிடம் ஒப்படையுங்கள்.

– ஒரு வாசகர், திருப்பரங்குன்றம், மதுரை