ஓங்கி அடித்திருக்கலாமே

தம்பிக்கு,

சனிக்கிழமை போனில் நான் கேட்டது உன்னைக் குத்திவிட்டது என்று அம்மா சொன்னா. "இன்டர்வியூவில் அந்த ஒரு கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் வேலை கிடைத்திருக்குமே?" என்றேன். நீ "சரி அப்பா" என்று வைத்துவிட்டாய். போனில் எனக்குக் கதை ஒழுங்காக வராது. அதனால் எழுதுகிறேன்.

1996 ஜூன் 26. நீ பிறக்கவில்லை. வெம்பிளியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை. மைதானத்தில் இங்கிலாந்தும் ஜெர்மனியும், யூரோ அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன ரேடியோ. இரண்டு பக்கமும் ஐந்து பேரும் கோல் போட்டார்கள். இங்கிலாந்துக்கு ஆறாவதாக வந்தவர் கரெத் சவுத்கேட், 25 வயதுத் தடுப்பாட்டக்காரர். தொழில்முறை ஆட்டத்தில் அதற்குமுன் ஒரேயொரு பெனால்டிதான் அடித்திருந்தார், அதுவும் கம்பத்தில் பட்டது. ஆனாலும் தான் அடிப்பதாக முன்வந்தார். ஜெர்மனிக் கோலி கோப்கே தடுத்துவிட்டார். இங்கிலாந்து தோற்றது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் சிகரெட் வாங்க வந்தான். முகத்தில் பூசிய சிவப்புச் சிலுவை கண்ணீரில் கரைந்து நாடிவரை வழிந்திருந்தது. மிச்சக் காசை எடுக்காமலே போய்விட்டான்.

சவுத்கேட்டின் அம்மா மகனிடம் கேட்டாராம்: ஏன், ஓங்கி அடித்திருக்கலாமே என்று. பத்திரிகையில் வாசித்துவிட்டு நானும் சிரித்தேன். போன சனிக்கிழமை நான் கேட்டதும் அதே கேள்விதான்.

சவுத்கேட் பிறகு, அந்தப் பெனால்டியையே கேலி செய்யும் பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப் பையோடு நடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. 2004இல் மிடில்ஸ்பரோ கழகத்தின் அணித்தலைவராக லீக் கோப்பையைத் தூக்கினார். அந்தக் கழகத்துக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. 2006இல், பயிற்சியாளருக்கான உயர்நிலை உரிமம் கையில் இல்லாமலே, அங்கேயே மேலாளர் ஆனார். 2009இல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்த அக்டோபரில் டார்பியை வென்ற அன்றிரவே வேலையிலிருந்து தூக்கினார்கள். அப்போது அணி முதலிடத்துக்கு ஒரேயொரு புள்ளிதான் பின்னால். வென்ற இரவில் வேலை போவது என்ன கணக்கோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2016இல் இங்கிலாந்து அணி அவர் கைக்கு வந்தது. 2018 உலகக் கோப்பைக்கு முன் பெனால்டி அடிப்பதை மட்டுமல்ல, நடுக்கோட்டிலிருந்து பந்துவரை நடந்து போவதையும் பழக்கினார். விசிலுக்குப் பிறகு அவசரப்படாதே, மூச்சு எடு என்று சொல்லிக்கொடுத்தார். அந்த நடையைத் தனியாக நடந்தவருக்குத்தான் அதைப் பழக்கத் தோன்றும். மாஸ்கோவில் கொலம்பியாவை வென்றார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டியில் வென்றது அதுதான் முதல் தடவை. எல்லோரும் ஓடிக் கொண்டாட, அவர் போய்க் கட்டிப்பிடித்தது பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்த கொலம்பியாக்காரர் உரிபேயை.

2021 யூரோ இறுதி ஆட்டத்தை நாங்கள் மூன்று பேரும் சோபாவில் இருந்து பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஐந்தாவது பெனால்டிக்கு 19 வயது சாகா. இத்தாலியக் கோலி தடுத்ததும் நீ எழும்பி அறைக்குள் போய்விட்டாய். சவுத்கேட் அந்தப் பிள்ளையை அணைத்ததை நீ பார்க்கவில்லை. யார் அடிப்பது என்று முடிவெடுத்தது நான்தான், பழி என்னுடையது என்று அன்றைக்கே சொன்னார். ஏன் அப்படி அடித்தாய் என்று பொது இடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவரைவிட மூத்தவன், எனக்கு அது வரவில்லை.

2024 யூரோவில் சுவிட்சர்லாந்தோடு மறுபடி பெனால்டி. ஐந்து பேரும் போட்டார்கள், சாகாவும்தான். அதே தொடரில் சவுத்கேட் மீது சனம் பியர் கப் எறிந்தது. இறுதியில் ஸ்பெயினிடம் தோற்று, 102 ஆட்டங்களோடு விலகினார். ஆடும் விதம் சலிப்பு என்று நீ திட்டுவாய். அதில் நான் உன் பக்கம்தான்.

குளிருக்கு அந்தத் தடித்த ஜம்பரைப் போடு. பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறோம். அடுத்த இன்டர்வியூ எப்போது என்று அம்மா கேட்கச் சொன்னா. நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா