கடைசி நிலையத்தின் கணக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு மீண்டும் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். அவர்களுக்காக வரைந்த ரயில் முனைய நிலைய வரைபடத்தை அனுப்பி என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் இந்த நாள்களில் அந்நகரச் சுரங்க ரயிலின் விக்டோரியா லைன் வடக்கே முடியும் வால்தம்ஸ்டோ சென்ட்ரல் நிலையத்தில் நின்று பார்த்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

அங்கே நடைமேடைகள் இரண்டே. ஆயினும் 2017 மே முதல் நெரிசல் வேளையில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 நொடிக்கு ஒன்று, வந்து திரும்புகின்றன. ஒரு நடைமேடைக்கு அடுத்த ரயில் வர 200 நொடிதான். அதற்குள் முந்தைய ரயில் பயணிகளை இறக்கி, ஏற்றி, வெளியேறியிருக்க வேண்டும். எதிர்ப்புற நடைமேடைக்குக் குறுக்கே வருகிற ரயிலும், இப்புறமிருந்து குறுக்கே புறப்படுகிற ரயிலும், ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மாறும் கிராஸ் ஓவரில் ஒன்றையொன்று வெட்டுவதால், ஒன்று முழுவதும் விலகும்வரை மற்றொன்று காத்திருக்கத்தான் வேண்டும்.

ரயிலின் நீளம் 133 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் போனால் தன் நீளத்தைக் கடக்கவே 24 நொடி ஆகும், 40 கி.மீ. என்றால் 12 நொடி. நூறு நொடியில் பன்னிரண்டை மிச்சம் பிடிப்பது எத்தனை பெரிய காரியம் என்பது சிக்னல் பிரிவில் காலம் கழித்த உங்களுக்குத் தெரியும். 1960களில் அமைத்த பழைய கிராஸ் ஓவரில் ரயில்கள் மெதுவாகவே போக முடிந்தது. நெரிசல் நேரத்தில் சில ரயில்கள் முனைவரை வராமல் வழியிலுள்ள செவன் சிஸ்டர்ஸ் நிலையத்திலேயே திரும்பின. 2015 ஆகஸ்டில் அப்பகுதியை மூன்று வாரம் மூடி, கூடுதல் வேகத்துக்கு ஏற்றபடி கிராஸ் ஓவரைப் புதிதாக அமைத்தார்கள். பயணிகளுக்கு அது பெரும் சிரமம்தான். ஆனாலும் செய்தது சரி என்றே உறுதியாக நினைக்கிறேன்.

ரயிலைத் திருப்பி ஓட்ட, ஓட்டுநர் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவே ஒன்றரை நிமிடம் போய்விடும். ஆகவே வேறோர் ஓட்டுநர் மறுமுனையில் தயாராக நின்று ரயிலை எடுத்துச் செல்கிறார். வந்தவர் நடந்து போய் அடுத்து வரும் ரயிலை ஏற்கிறார். லண்டனின் மற்றொரு சுரங்கப் பாதையான நார்தர்ன் லைனின் கென்னிங்டன் நிலையத்தில், ரயில் சுற்றி வந்து திரும்பும் வளையச் சுரங்கம் 1926 முதல் இருப்பதால் இந்த முனைமாற்றமே தேவையில்லை. ஆனால் அதற்குத் தனிச் சுரங்கம் தோண்ட வேண்டும். கூர்வளைவில் சக்கர விளிம்பும் தேயும்.

உங்கள் வரைபடத்தில் தண்டவாளம் நடைமேடையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஒரு ரயில் நீளத்துக்காவது நீட்டுங்கள். தண்டவாள முடிவிலுள்ள முட்டுக்கட்டைக்கு அஞ்சி வேகத்தைக் குறைக்காமல் ரயில் உள்ளே வரலாம், பழுதான ரயிலையும் அங்கே ஒதுக்கலாம். கிராஸ் ஓவருக்கும் நடைமேடைக்கும் இடையிலான தூரத்தை நீங்கள் குறிக்கவில்லை. எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். அது கிடைத்தால்தான் நொடிக் கணக்கை முடிக்க இயலும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்