எங்கள் தையல் வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, அன்பான அங்கத்தவர்களே,

அனைவருக்கும் வணக்கம். சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரையான எங்கள் வட்டத்தின் செயற்பாடுகளைச் சபையின் முன் வைக்கிறேன்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் சனசமூக நிலையத்தின் பின் அறையில் கூடும் வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கார்த்திகை அடைமழையில் கூரை ஒழுகிய கிழமைகளும் மட்டுமே விடுபட்டன. கூரை ஓடுகள் மாற்றப்பட்டுவிட்டன. நனைந்த துணிகளில் பூஞ்சணம் பிடித்தவற்றைக் கழித்துவிட்டோம்.

சட்டையும் பிளவுஸும் பாடசாலைச் சீருடையும் தைப்பதோடு நின்றுவிடாமல், துண்டுத் துணிகளை இணைத்து, வழமையாக நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட் தைக்கப் பழகுவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருந்தோம். அன்றைக்கு எழுந்த கேள்வி பலருக்கு ஞாபகம் இருக்கும். “இந்த வெக்கைக்கை ஆர் பிள்ளை போர்வை போர்க்கிறது?” கேட்டவர் எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர். அது நியாயமான கேள்வி. குளிர் நாட்டார் செய்வதை அப்படியே இங்கே செய்தால் அலுமாரிக்குள் மடித்து வைக்கத்தான் உதவும். எங்கள் ஊருக்கு ஏற்ற குயில்ட் எது என்பதைத்தான் இந்த ஆண்டு முழுவதும் தேடினோம்.

முதலில் எடுத்தது மரக்குடில் என்று நாங்கள் பெயர் வைத்த கட்டம். இப்படிப் பல கட்டங்களைத் தைத்து இணைத்தால் குயில்ட்டின் மேல்பக்கம் ஆகும். அமெரிக்காவில் மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீட்டைப் பார்த்து வந்த கோலம் அது. நடுவில் ஒரு சிறிய சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், மற்ற இரண்டு பக்கம் கடும் நிறம். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது அங்கே வழக்கம், வீட்டின் அடுப்பு என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். எங்கள் ஆட்களும் உடனே அதற்கு ‘அடுப்படி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “அக்கா, என்ரை அடுப்படி கோணிப்போச்சு” என்ற குரல் கேட்காத சனிக்கிழமை இருக்கவில்லை.

கோணியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து கிழமை பிடித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டில் நாங்கள் கற்ற மிகப் பெரிய பாடம் அதுதான். நடுச் சதுரத்தை 2 அங்குலத்திலும் துண்டுகளை ஒன்றரை அங்குல அகலத்திலும் வெட்டி, மூன்று சுற்றுச் சுற்றினால் கட்டம் சரியாக 8 அங்குலம் வரவேண்டும். எங்களுக்கு ஏழேகால் வந்தது. ஒருவருக்கு ஏழரை. வெட்டியதில் பிழையில்லை, தைத்ததில்தான் பிழை. தையலுக்குள்ளே கால் அங்குலம் விடவேண்டிய இடத்தில் அதைவிடச் சிறிது கூடுதலாக விட்டிருக்கிறோம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஒரு தையலில் இரண்டு துணியும் அவ்வளவு குறையும். குறுக்கே ஆறு தையல். ஆறையும் கூட்டினால் முக்கால் அங்குலம் பறந்துவிடும்.

முப்பது நாற்பது வருடம் மெசின் மிதித்த கைகளுக்கு ஏன் இந்தப் பிழை வந்தது? சட்டை தைப்பவர்கள் உள்ளே அரை அங்குலம், முக்கால் அங்குலம் தாராளமாக விட்டுப் பழகியவர்கள். பிள்ளை வளரும், பிறகு பிரித்துவிடலாம் என்ற கணக்கு அது. குயில்ட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. எங்கள் ரீச்சர் சொன்ன பரிசோதனையை எல்லோரும் வீட்டிலும் செய்து பாருங்கள். ஒன்றரை அங்குலத் துண்டுகள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து, ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தி, நடுத்துண்டை அளக்க வேண்டும். மிகச் சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. குறைந்தால் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெசின் தட்டில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை நாலைந்து படையாக ஒட்டி, அதில் துணியின் விளிம்பை முட்டவிட்டுத் தையுங்கள். மடிப்புக்குக் கொஞ்சத் துணி போய்விடும் என்பதால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைப்பதே நல்லது. கால் மெசினில் இது இன்னும் நன்றாக வருகிறது. மின்சார மெசின் ஓட்டத்தில் இழுத்துக்கொண்டு போகும், கால் மெசின் எங்கள் சொல்லுக்கு நிற்கும்.

கால் மெசினைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அறையில் உள்ள கறுப்பு மெசின்களில் ஒன்று, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோகப்பட்டது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது இப்படியான மெசின்களால்தான். அன்றைக்குத் தைத்தவர்கள் தனித் தனியாக, குப்பி விளக்கில், அவசர அவசரமாகத் தைத்தார்கள். அதே மெசினில் இன்று ஒருவர் தைக்க, இன்னொருவர் துண்டு நீட்ட, மூன்றாமவர் கதை சொல்ல, அதைப் பார்த்தபடிதான் இந்த அறிக்கையின் பெரும் பகுதியை எழுதினேன்.

துண்டு வெட்டுவதில் வந்த மாற்றமும் பதிவுக்குரியது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் அங்கத்தவரின் மகள் எங்களுக்கு ஒரு வட்டக்கத்தியும் வெட்டுப் பாயும் நீள அடிமட்டமும் தந்துவிட்டுப் போனார். 1979 இல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த கருவி அது. பீட்சா வெட்டும் சில்லு மாதிரி உருளும், நாலு மடிப்புத் துணியை ஒரே இழுவையில் நேராக வெட்டும். முதல் கிழமையே ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து கத்தியைக் கையிலிருந்து வைக்கும்போதெல்லாம் அதன் வாயை மூடித்தான் வைக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. தயவு செய்து மறக்க வேண்டாம்.

ஆனி மாதத்தில் ஒரு மனக்கஷ்டமும் நேர்ந்தது. ‘அடுப்படி’க்கென்று நகரில் ஒரு கடையில் வாங்கிய சிவப்புத் துணி, தைத்து முடித்துக் கழுவியபோது சாயம் விட்டது. ஆறு கட்டங்களின் வெள்ளைப் பக்கம் முழுவதும் வெளிறிய ரோசா நிறம். நிறம் போகாது என்று உறுதி சொல்லித்தான் விற்றார்கள், திரும்பக் கேட்டபோது பொறுப்பேற்கவில்லை. அந்த ஆறு கட்டங்களையும் தைத்தவர் இரண்டு கிழமை வரவில்லை. பிறகு அவரே வந்து, “ரோசா நிறமும் வடிவாத்தான் கிடக்கு, இதையே வைச்சுத் தைப்பம்” என்றார். எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் தனியாக நனைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றோடு பிழிந்து பார்ப்பது இனிக் கட்டாயம். புதுக் கொட்டன் முதல் தண்ணீரில் சுருங்கவும் செய்யும், அதனாலும் இது தேவை.

அறுகோணப் பூவைக் கையால் தைத்தோம். கடதாசியை ஒரு பக்கம் 1 அங்குலமுள்ள அறுகோணமாக வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, பிறகு விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சிறு தையலாகக் கோப்பது இங்கிலாந்தின் பழைய முறை. ஒன்றைச் சுற்றி ஆறு வைத்தால் பூ. அமெரிக்காவில் இந்தக் கோலத்தைப் பாட்டியின் பூந்தோட்டம் என்கிறார்கள், எங்களுக்கு அது அம்மம்மாவின் பூந்தோட்டம். கடதாசிக்குக் கல்யாண அழைப்பிதழ்களை விடச் சிறந்தது கிடையாது. மடங்காது, ஊசி வழுக்காது, எல்லார் வீட்டிலும் கட்டுக் கட்டாய் இருக்கிறது. மின்தடை வந்தாலும் நிற்காத வேலை இதுதான். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், பேரப்பிள்ளை ரியூசன் முடிந்து வரும்வரை மதிலோரத்தில் என்று எங்கெங்கோ பூத்து வந்த பூக்கள் அவை.

வெக்கைக் கேள்விக்கான விடை வங்காளத்திலிருந்து வந்தது. அங்கே பழைய சீலைகளையும் வேட்டிகளையும் இரண்டு மூன்று படையாக விரித்து, நடுவில் பஞ்சு வைக்காமல், மேலிருந்து கீழ் வரை நெருக்கமாக நூலோட்டித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். தைக்கும் நூலையே பழைய சீலைக் கரையிலிருந்து உருவி எடுப்பார்களாம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று நாங்கள் சொல்லும் கந்தையும் அந்தக் காந்தாவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்று ரீச்சர் விளக்கியபோது அறையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டித் துண்டில் கிடத்தும் ஊர் இது. காந்தா எங்களுக்குப் புதிதல்ல, நூலோட்டம் மட்டும்தான் புதிது. தைப்பனி தரையைத் துளைக்கிற காலத்துக்கு அந்தத் தடிப்பு போதும், கோடையில் பாயின்மேல் விரிக்கவும் உதவும். கழுவக் கழுவ மெதுமையாகிறது. பொலியெஸ்ரர் பஞ்சு விரிப்பு வாங்க ஒதுக்கியிருந்த பணத்தை அப்படியே கணக்கில் திருப்பி வைத்துவிட்டோம்.

ஆனால் சீலை வெட்டுவது என்று வந்தபோதுதான் மனங்கள் வெளியே வந்தன. ஓர் அங்கத்தவர் ட்ரங்குப் பெட்டியிலிருந்து தாயாரின் நூல் சீலை ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சை உடம்பு, அரக்குக் கரை, மடிப்பு மடிப்பாய் இற்று, பாச்சை உருண்டை மணத்தோடு. மேசையில் விரித்தோம். கத்தரிக்கோலை ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் போர்வைக் கேள்வி கேட்ட அதே ஆச்சிதான், “பெட்டிக்குள்ளை கிடந்து பூச்சி அரிக்கிறதை விட பேத்தியின்ரை மேலிலை கிடக்கட்டுமே பிள்ளை” என்று சொல்லி முதல் வெட்டை வெட்டினார். அன்று சபை ஒரு முடிவும் எடுத்தது. கூறைச்சீலையில் கத்தரி வைப்பதில்லை. கட்டிப் பழகிய நூல் சீலைகள் மட்டும். பட்டும் நூலும் ஒரே மாதிரிச் சுருங்காது என்ற தையற் காரணமும் அதற்கு உண்டு, ஆனால் முடிவு எடுக்கப்பட்டது அந்தக் காரணத்தால் அல்ல.

கடைசி நான்கு மாதமும் எல்லோரும் சேர்ந்து ஒரே குயில்ட்டில் இருந்தோம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்களின் பெண்கள் தைக்கும் கவந்தி முறை அது. பழைய சீலையை அடியில் விரித்து, வெளி விளிம்பிலிருந்து துண்டுகளை மடித்து வைத்து நூலோட்டிக்கொண்டே உள்நோக்கிப் போவார்கள். துண்டு இணைவதும் படைகள் சேர்வதும் ஒரே தையலில் நடக்கும். அடிமட்டமும் கால் அங்குலமும் தேவையில்லை. நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பது அவர்களின் வழக்கம். கால் அங்குலத்தில் நொந்துபோயிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைவிட முக்கியம், நான்கு பக்கமும் ஆட்கள் இருந்து தைக்கலாம். ஒரு கிழமை எட்டுப் பேர் சீலையைச் சுற்றி இருந்தோம். தையல் முன்னேற முன்னேற எல்லோரும் நடுவை நோக்கி நகர்ந்து, கடைசியில் முழங்காலோடு முழங்கால் முட்டியது. வெகு காலமாகப் பேசாதிருந்த இருவர் எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கியிருந்தார்கள். “அந்த நீலத்தை இஞ்சாலை தாங்கோ” என்ற ஒரு வார்த்தையில் அது தீர்ந்தது. பெயர் எழுதமாட்டேன், ஆனால் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பென்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த குயில்ட்டுகளின் படங்களையும் ஒரு பின்னேரம் பார்த்தோம். அவை நியூயோர்க் அருங்காட்சியகச் சுவரில் ஏறியவை, 2006 இல் அமெரிக்க முத்திரைகளாகவும் வந்தவை. கணவரின் பழைய சாரங்களை வெட்டித் தைக்கலாமா என்று அடுத்த கிழமையே மூன்று பேர் கேட்டார்கள். தாராளமாகத் தைக்கலாம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். தேநீரும் வடையும் முறை வைத்துத் தந்த எல்லோருக்கும், அறையைத் தந்த நிலைய நிர்வாகத்துக்கும், கடதாசி வெட்ட வந்த பிள்ளைகளுக்கும் வட்டத்தின் நன்றி. சிறிய கத்தரிக்கோல் இரண்டு இரவல் போய் இன்னும் திரும்பவில்லை.

கூட்டுக் குயில்ட்டின் நடுவில் உள்ளங்கை அளவு இடம் இன்னும் மூடப்படவில்லை. அதற்கு மூன்று பேர் மூன்று துண்டு கொண்டுவந்திருக்கிறார்கள்: அந்த அரக்குக் கரையின் மிச்சம், சாயம் விட்ட ரோசாக் கட்டத்தின் ஒரு மூலை, ஒரு சாரத்தின் கோடு போட்ட துண்டு. மூன்றும் பின்மேசையில் உள்ளன. ‘வேறு விடயங்கள்’ என்பதன் கீழ் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும், ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

நன்றி.

செயலாளர்