படிக்கட்டைச் சொல்லி எங்களை எழுப்பியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2024ஆம் ஆண்டு ஆடிப் பெருக்கை ஒட்டிக் காவிரியில் வந்த வெள்ளத்தில், பவானி ஆறு காவிரியோடு சேரும் பவானி கூடுதுறைக்கு அருகே ஆற்றோரத்தில் குடியிருக்கும் எங்கள் தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆடு மாடுகளும் பிழைத்தன. தறிகளில் ஏற்றியிருந்த பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நெசவு நூல், பெரும்பாலும் நனையாமல் தப்பியது. பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஒரு தெருவுக்கு இது சிறிய காரியம் அல்ல. வீடுகளைக் கழுவி, தறிகளைத் திரும்பப் பூட்டிய கையோடு தெருவார் ஒன்றாக உட்கார்ந்து இந்த மடலை எழுதத் தீர்மானித்தோம். யாரிலிருந்து தொடங்குவது என்று பேச்சு வந்தபோது, தெருவின் மூத்த நெசவாளர் ஒருவர், "தண்ணீர் வந்த வழியிலேயே போய் நன்றி சொல்லுங்கள்" என்றார். அப்படியே செய்கிறோம்.

அந்தத் தண்ணீரின் பெரும்பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. வயநாட்டு மழை கபினி ஆற்றில் இறங்கிக் கபினி அணைக்கு வரும்; குடகு மழை கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு வரும். இரண்டு அணைகளும் நிறைந்துவிட்டால் வருவதையெல்லாம் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே மழைதான் ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலையைச் சரித்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. எங்களுக்குக் கிடைத்த அவகாசத்தில் ஒரு மணி நேரம்கூட அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. நன்றி சொல்ல உட்கார்ந்த இடத்தில் அவர்களை நினைக்காமல் மேலே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

சிவனசமுத்திரத்தில் அருவியாக விழும் காவிரி, அங்கிருந்து மலை இடுக்குகளுக்குள் போய்விடுகிறது. அர்க்காவதி வந்து சேரும் சங்கமத்தைத் தாண்டி, மேகேதாட்டுவில் பாறைகள் நெருக்கும் இடத்தில் ஆறு சில அடி அகலத்துக்குள் அடங்கி ஓடுவதைப் பார்த்தவர்கள் உண்டு. இடுக்கில் ஓடும்போது ஆற்றுக்கு அகன்றுகொள்ள இடமில்லை. தண்ணீர் உயரும், வேகமெடுக்கும். சமவெளிக்கு வந்த பிறகுதான் பரவும். பரவும் இடத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். இந்த மலைப்பகுதியில் ஆற்றங்கரையில் ஊர்கள் மிகக் குறைவு. காடும் பாறையும்தான். அந்தத் தனிமையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவிடும் நிலையம் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கணக்குப் பார்ப்பது அங்கேதான். பங்கீட்டுச் சண்டை வரும் காலங்களில் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபடும். வெள்ளக் காலத்தில், கொட்டும் மழையில், நள்ளிரவில், டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அளவுகோலைப் படித்து மணிக்கொரு முறை எண்ணைச் சொல்லும் ஊழியர்களைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. ஐயா, உங்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன எண்தான் எங்கள் தெருவுக்கு வந்த முதல் எச்சரிக்கை. முதல் நன்றி உங்களுக்கு.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கும் நன்றி. ஆற்றில் இறங்கத் தடை போட்டால் அன்றைய வருமானம் அவர்களுக்குப் போயிற்று. அப்படியிருந்தும் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் போன் செய்து கேட்டபோதெல்லாம், எந்தப் பாறை முழுகியது, எது இன்னும் தெரிகிறது என்று அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். இப்படிப் பாறையைச் சொல்லும் கணக்கு எங்களுக்குச் சட்டென்று புரிகிறது.

மேட்டூருக்கு வருகிறோம். ஜூலை தொடக்கத்தில் அணையில் 40 அடியை ஒட்டித்தான் தண்ணீர் இருந்தது. பண்ணவாடி பக்கம் தண்ணீர் வற்றினால் வெளியே தெரியும் பழைய நந்தி சிலையைப் பார்க்க அப்போது ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி அணை 120 அடியை எட்டிவிட்டது. மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நிறைந்த பிறகு மேட்டூரால் வெள்ளத்தைப் பிடித்து வைக்க முடியாது. வருவது வந்தபடி போக வேண்டும். 16 கண் மதகு திறக்கப்பட்டது. ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டி வினாடிக்கு 1.70 லட்சம் கன அடி வெளியேறியது. நாள் முழுவதும் அந்த அளவில் போனால் ஏறத்தாழ 15 டிஎம்சி. நிறைந்த மேட்டூர் அணையை ஒரு வாரத்துக்குள் காலி செய்துவிடக்கூடிய ஓட்டம் அது. அத்தனை தண்ணீரை ஒரே மூச்சில் திறந்துவிடாமல், படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறை கூட்டுவதற்கு முன்பும் கரையோர மாவட்டங்களுக்கெல்லாம் தகவல் சொன்ன நீர்வளத் துறைப் பணியாளர்களுக்கு எங்கள் வணக்கம். மேட்டூரில் அணையே இல்லாத 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி எங்கள் முன்னோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அணை வேலை மறு ஆண்டு தொடங்கி 1934இல் முடிந்தது. அந்த 1924ஆம் ஆண்டு மக்களுக்கு ஆறு தானே வந்துதான் செய்தி சொன்னது.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மின் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளம் வந்தால் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டு எல்லாக் கதவுகளையும் தூக்கி ஆற்றுக்கு வழிவிட வேண்டும். இரவு பகலாக அந்தக் கதவுகளின் மேல் நின்றவர்களுக்கும், பூலாம்பட்டியில் படகைக் கட்டிவைத்துவிட்டுக் கரையில் காவல் நின்ற படகோட்டிகளுக்கும் நன்றி.

இனி எங்கள் ஊர். இங்கே ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியில் "1.70 லட்சம் கன அடி" என்று ஓடிக்கொண்டே இருந்தது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தண்ணீர் தன் வீட்டு வாசலுக்கு வருமா, வராதா, வந்தால் எப்போது என்றுதான் அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் எங்கள் கிராம உதவியாளர். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அணையிலிருந்து எவ்வளவு திறந்தால் படித்துறையில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருமுனையோடு திரும்பிவிட்டது. அவர் ஒவ்வொரு சந்துக்குள்ளும் நடந்து வந்தார். கதவைத் தட்டி, "அம்மாயி, இருட்டுவதற்குள் அரச மரத்தடிப் படி முழுகிவிடும். விடிவதற்கு முன் உங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவை இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் தண்ணீர் நின்றது.

ஜமக்காளம் நெய்யும் குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறோம். நெசவாளர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். ஆறு கரையைத் தாண்டி வருவதற்கு வெகு முன்பே தண்ணீர் நிலத்துக்கு அடியில் ஊறி அந்தக் குழிக்குள் வந்துவிடும். சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருவதும் அதே நேரத்தில்தான். தெருவில் ஈரமே இருக்காது. வீட்டுக்குள் குழி நிறைந்திருக்கும். போதாக்குறைக்கு, காவிரி பெருகி ஓடும்போது பவானி ஆறு அதில் கலக்க முடியாமல் கூடுதுறையில் தேங்கிப் பின்வாங்கும். ஆகவே எங்கள் தெருவில் கரையைப் பார்த்து வெள்ளத்தை அளக்கக் கூடாது. குழியைப் பார்த்து அளக்க வேண்டும். இதைத் தெரிந்து சொல்ல அந்த மனிதர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு யார் சொல்வார் என்ற கவலை எங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. நகராட்சி, படித்துறையிலும் ஆற்றோரத் தெருச் சுவர்களிலும், அணையிலிருந்து எத்தனை கன அடி திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று வண்ணக் கோடு போட்டு எழுதிவைக்க வேண்டும் என்று இந்த நன்றியோடு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறோம். செலவு அதிகம் ஆகாது, உயிரைக் காக்கும்.

பாவை அறுத்துச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓடியபோது, விசைத்தறிக்கூடம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் தறிகளை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார். யாருடைய பாவு எது என்று மாறிவிடாமல் இருக்க, அவருடைய மகள் பள்ளி நோட்டைக் கிழித்துப் பெயர் எழுதி ஒவ்வொரு சுருட்டிலும் கட்டினாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். நூல் போயிருந்தால் தெருவில் பல குடும்பங்கள் கூலிக்கு வாங்கிய முன்பணத்தைத் தீர்க்க இரண்டு வருடம் நெய்திருக்க வேண்டும்.

முகாமாக மாறிய பள்ளியின் தலைமையாசிரியை, சமைத்துப்போட்ட சத்துணவு அக்காக்கள், நடக்க முடியாத பெரியவர்களை நாற்காலியோடு தூக்கி வந்த தீயணைப்பு வீரர்கள், மின் கசிவால் யாரும் சாகக் கூடாது என்று முன்கூட்டியே இணைப்பைத் துண்டித்துவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு வீடு வீடாகச் சோதித்துத் திரும்பக் கொடுத்த மின்வாரியத் தொழிலாளர்கள், எல்லோருக்கும் நன்றி. பாலத்துக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்திலும் வெள்ளம்தான். அங்கே தங்கள் வீட்டையே காலி செய்துகொண்டிருந்த சொந்தக்காரர்கள், எங்களுக்கும் சேர்த்துச் சாதம் கட்டி அனுப்பினார்கள். மாவட்டம் வேறு, கரை வேறு, தண்ணீர் ஒன்று.

ஆடிப் பெருக்கு அன்று கூடுதுறையில் யாரையும் நீராட விடவில்லை. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் வருத்தப்பட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள். புதுமணத் தம்பதிகள் கையில் மாலையோடு நின்றதைப் பார்க்க எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தனை பேரிடமும் தணிந்த குரலில் பேசித் திருப்பி அனுப்பிய காவலர்கள் செய்தது பெரிய வேலை.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களைத்தான் ஊர் எளிதில் மறந்துவிடுகிறது. வண்டல், செத்த மீன், சாக்கடை எல்லாம் கலந்து கணுக்கால் ஆழத்துக்குத் தெருவில் படிந்து கிடந்தது. தூய்மைப் பணியாளர்கள் அதைக் கூடை கூடையாக அள்ளினார்கள். வீட்டுக்குள் புகுந்த பாம்புகளைப் பார்த்துப் பார்த்து விரட்டினார்கள். கிருமிநாசினி தெளித்தார்கள். அவர்களில் பலருடைய சொந்த வீடுகளும் பள்ளத்தில் இருப்பவை. எங்கள் தெருவைக் கழுவி முடித்த பிறகுதான் தங்கள் வீட்டைக் கழுவப் போனார்கள். அம்மா, அண்ணா, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. உங்களுக்குக் கையுறையும் பூட்ஸும் தரமானதாகக் கிடைக்க வேண்டும் என்று நகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கடைசியாக ஒரு தகவல். முகாமிலிருந்து திரும்பும்போது எங்கள் சாமான்களோடு கலந்து வந்த பொருள்கள் சில இருக்கின்றன: ஒரு பெரிய பித்தளை அண்டா, நீல நிறத் தார்ப்பாய், தேங்காய் நார்க் கயிறு ஒரு கட்டு, குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று. எல்லாம் கோயில் மண்டபத்தை அடுத்த தறிப் பட்டறையில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் நிச்சயம் ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
ஆற்றோரத் தெரு மக்கள்,
பவானி.